ஹைட்ரஜன் வண்டி நம் கடற்கரைக்கு வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்துகிறேன். அதற்கு முன்னால் உச்சிப்புளியில் பட்டறை வைத்திருந்தேன். கார், வேன், படகு இன்ஜின் எதுவானாலும் பிரித்துப் பூட்டிய காலம் அது. 2022 மார்ச்சில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி ஹைட்ரஜன் காரில் நாடாளுமன்றத்துக்கு வந்து இறங்கிய படம் எல்லார் செல்போனிலும் சுற்றியது. அன்றிலிருந்து டூரிஸ்ட் கார் ஓட்டுபவர்கள், படகுக்காரர்கள், மாணவர்கள் என்று யாராவது ஒருவர் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டீக்கடையில் துண்டு துண்டாகச் சொன்னது போதும், ஒரு தடவை முழுசாக எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவர்கள் வாயில் வந்தபடியே வைத்திருக்கிறேன்.

அண்ணே, ஹைட்ரஜன்ல கார் ஓடுறது நெசமா? இல்ல, அந்தக் காலத்து மூலிகை பெட்ரோல் மாதிரியா?

நிஜம். மூலிகை பெட்ரோல் 1996இல் ஊரையே கிறுகிறுக்க வைத்தது, ஆய்வுக்கூடச் சோதனையில் நிற்கவில்லை. ஹைட்ரஜன் அப்படியில்லை. பெட்ரோல் இன்ஜின் பிறப்பதற்கு வெகு முன்பே, 1807இல், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த பிரான்சுவா ஐசக் டி ரிவாஸ் என்பவர் ஹைட்ரஜனை உருளைக்குள் விட்டு மின்பொறியால் பற்றவைத்து வண்டியை நகர்த்திக் காட்டினார். பி.எம்.டபிள்யூ. 2006 வாக்கில் 12 சிலிண்டர் ஹைட்ரஜன் கார்கள் 100 செய்து சோதனைக்குக் கொடுத்தது. டொயோட்டா 2021 மே மாதம் ஹைட்ரஜன் எரிக்கும் கொரோலா காரை ஜப்பானின் ஃபூஜி பந்தயத்தில் 24 மணி நேரம் ஓட விட்டது. நம் சென்னை அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் சேர்ந்து செய்த ஹைட்ரஜன் இன்ஜின் லாரியை 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் பிரதமர் தொடங்கி வைத்தார்.

ஆக, ஓடுமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்து இருநூறு ஆண்டு ஆகிறது. அந்த வாயுவை எப்படி உண்டாக்குவது, எதில் அடைப்பது, எப்படி இங்கே கொண்டு வருவது என்பதில்தான் பாடு அத்தனையும்.

கட்கரி வந்த கார்ல இன்ஜினே இல்லன்னு சொல்றாங்களே?

சரிதான். அது டொயோட்டா மிராய். அதில் இருப்பது ஃபியூல் செல், அதாவது எரிபொருள் மின்கலம். ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஒரு மெல்லிய சவ்வின் இரு பக்கமும் நின்று, எரியாமலே சேர்ந்து, மின்சாரமும் தண்ணீரும் தருகின்றன. அந்த மின்சாரத்தில் மோட்டார் சுற்றுகிறது. பிஸ்டன் கிடையாது, சத்தம் கிடையாது.

இன்னொரு வகை, நமக்குப் பழக்கமான பிஸ்டன் இன்ஜினிலேயே பெட்ரோலுக்குப் பதில் ஹைட்ரஜனை எரிப்பது. கொரோலாவும் அசோக் லேலண்ட் லாரியும் அந்த வகை. பேச்சில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். மைலேஜ், விலை, புகை, பராமரிப்பு எல்லாமே இரண்டுக்கும் வேறு வேறு.

நம்ம பெட்ரோல் இன்ஜினுக்குள்ள ஹைட்ரஜனை விட்டா என்னதான் ஆகும்?

மாணவர்களுக்கு நான் மிக ஆசையாகச் சொல்லித் தரும் பகுதி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஹைட்ரஜன் பற்றிக்கொள்ள மிகச் சிறிய பொறி போதும். பெட்ரோல் ஆவிக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு. காற்றில் 4 சதவீதம் இருந்தாலும் பற்றும், 75 சதவீதம் இருந்தாலும் பற்றும். பெட்ரோலுக்கு அந்த எல்லை ஏறக்குறைய ஒன்றரை முதல் ஏழரை சதவீதம்தான். இது வரமாகவும் வருகிறது, வம்பாகவும் வருகிறது. வரம் எப்படியென்றால், காற்றை மிக அதிகமாகவும் வாயுவைக் குறைவாகவும் வைத்து எரிக்கலாம். பெட்ரோலில் அப்படிச் செய்தால் இன்ஜின் இருமி நின்றுவிடும்.

வம்பு எப்படியென்றால், ஸ்பார்க் பிளக் பொறி விடும் வரை ஹைட்ரஜன் காத்திருக்காது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வின் முகம் சூடாக இருந்தால் போதும், பிஸ்டன் தலையில் ஒட்டிய கரித்துகள் கனன்றால் போதும், முன்கூட்டியே பற்றிவிடும். அதன் நெருப்பு இரும்புச் சுவருக்கு மிக நெருங்கி வரும் குணம் உள்ளது. வால்வு மூடும் அந்தக் கடைசிச் சந்தில்கூட நுழைந்து, காற்று உள்ளே வரும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்குள் பாய்ந்து ‘டொப்’ என்று வெடிக்கும். கார்பரேட்டர் காலத்து அம்பாசடரில் பேக்ஃபயர் கேட்டவர்களுக்குப் புரியும், அதைவிடக் கடுமையானது இது.

அடுத்தது இட நெருக்கடி. சரியான அளவில் கலந்தால் சிலிண்டரில் நுழையும் கலவையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஹைட்ரஜனே அடைத்துக்கொள்ளும். அந்த அளவுக்குக் காற்று வெளியே நிற்கும், சக்தி குறையும். பி.எம்.டபிள்யூ.வின் அந்த 12 சிலிண்டர் இன்ஜின் பெட்ரோல் காரில் 400 குதிரைத்திறனைத் தாண்டும். ஹைட்ரஜன் காரில் 260 தான் கிடைத்தது. வால்வுகள் மூடிய பிறகு வாயுவை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் வைத்தால் இந்தக் குறையும் பேக்ஃபயரும் ஒருசேரத் தீர்ந்துவிடும். ஆனால் ஹைட்ரஜனில் எண்ணெய்ப்பசை துளியும் இல்லை. இன்ஜெக்டர் ஊசியும் வால்வு இருக்கையும் வறண்டு தேயும், அதற்கென்று கெட்டியான உலோகம் வேண்டும்.

மெக்கானிக் கண்ணுக்கு இன்னும் இரண்டு விஷயம். பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக வாயு கீழே இறங்கி, இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்பில் சேரும். அங்கே காற்றோட்டம் சரியாக இல்லாவிட்டால் ஆபத்து. எரிந்து வரும் தண்ணீரும் ஆயிலில் கலந்து அதைப் பால் மாதிரி வெளுக்க வைக்கும். பிளாட்டினம் முனை ஸ்பார்க் பிளக் போடவே கூடாது. அந்த உலோகம் ஹைட்ரஜனைத் தானே தூண்டிவிடும்.

சைலன்சர்ல வெறும் தண்ணிதான் வருமாமே?

ஃபியூல் செல் காரில் வெறும் தண்ணீர்தான். பிஸ்டன் இன்ஜினில் அப்படிச் சொல்ல முடியாது. ஹைட்ரஜனில் கார்பன் இல்லை, அதனால் கரும்புகையும் கார்பன் மோனாக்சைடும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். சிலிண்டர் சூட்டில் அதுவும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகும், அது நுரையீரலுக்குக் கெடுதல். காற்றை இரண்டு மடங்குக்கு மேல் வைத்து எரித்தால் சூடு தணிந்து இது வெகுவாகக் குறைகிறது. மீதிக்கு டீசல் லாரியில் வைப்பது போல ஒரு சுத்திகரிப்பு அமைப்பு தேவைப்படலாம். ‘மாசே இல்லாத இன்ஜின்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பவேண்டாம்.

கிலோவுக்கு எவ்வளவு மைலேஜ் குடுக்கும்?

எடையை மட்டும் பார்த்தால் ஹைட்ரஜனை மிஞ்ச ஆளில்லை. ஒரு கிலோவில் 120 மெகாஜூல் சக்தி. பெட்ரோல் கிலோவுக்கு 44 தான். ஒரு கிலோ ஹைட்ரஜன் ஏறக்குறைய 3.75 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காரில் இன்ஜினை மட்டும் மாற்றி எரித்தால் கிலோவுக்கு 56 கிலோமீட்டர் என்று வைக்கலாம். ஃபியூல் செல் சிக்கனமானது. மிராய் 5.6 கிலோவில் 647 கிலோமீட்டர் ஓடும் என்று அமெரிக்க அரசின் அளவீடு சொல்கிறது, அதாவது கிலோவுக்கு 100க்கு மேல். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை போய்த் திரும்ப மூன்றரைக் கிலோகூட வேண்டாம்.

மூன்றரைக் கிலோதானே, ஒரு பை நிறைய ஊத்தினாப் போதாதா?

எடையில் ராஜாவான ஹைட்ரஜன் இடத்தை அடைப்பதில் படுமோசம். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜன் 11 கனமீட்டருக்கு மேல் பிடிக்கும். ஒரு சின்ன அறை. அதனால்தான் 700 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய சாதாரணக் காற்றழுத்தம்) நெருக்கி அடைக்கிறார்கள். நம் ஆட்டோக்களில் சி.என்.ஜி., அதாவது நெருக்கி அடைத்த இயற்கை எரிவாயு, 200 பார். அவ்வளவு நெருக்கியும் லிட்டருக்கு 40 கிராம்தான் சேரும், பெட்ரோல் அதே லிட்டரில் ஏழு மடங்கு சக்தி வைத்திருக்கும். முதல் மிராயில் 5 கிலோ வாயுவைத் தாங்கிய கார்பன் நார் டேங்குகளின் எடை மட்டும் கிட்டத்தட்ட 88 கிலோ.

திரவமாக்கலாமே என்று கேட்பார்கள். திரவமாக மைனஸ் 253 டிகிரி வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ அதைச் செய்கிறது. 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை மேலே கொண்டு போனது நம் நாட்டிலேயே செய்த திரவ ஹைட்ரஜன் இன்ஜின்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் ராக்கெட் நிரப்பின கையோடு கிளம்பிவிடுகிறது. கார் அப்படியா? தனுஷ்கோடி மணலில் வெயிலில் நாலு நாள் நிற்கும். எவ்வளவு கெட்டியாகப் போர்த்தினாலும் சூடு உள்ளே கசியும், திரவம் கொதித்து ஆவியாகும், அழுத்தம் ஏறாமல் இருக்க வெளியே விட்டாகவேண்டும். பி.எம்.டபிள்யூ. காரில் இதுதான் நடந்தது. நிறுத்தி வைத்த காரிலிருந்து எரிபொருள் தானாகவே தீர்ந்தது.

வெடிக்காதா தம்பி? வீட்டு வாசல்ல நிறுத்த எனக்கு மனசு வராது. (கீழக்கரையில் ஒரு காக்கா, அதாவது முஸ்லிம் அண்ணன், கேட்டது)

பயம் நியாயமானது காக்கா. ஆனால் எதைக் கண்டு பயப்படவேண்டும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

நம் எல்லாப் பட்டறையிலும் ஹைட்ரஜன் ஏற்கெனவே இருக்கிறது. பேட்டரியைச் சார்ஜில் போட்டால் குமிழி குமிழியாக மேலே வருவது அதுதான், கூடவே ஆக்சிஜன். நான் ஹெல்பராக இருந்த ஒரு பட்டறையில், ஜன்னல் இல்லாத மூலை அறையில் நாலு லாரி பேட்டரி சார்ஜில் இருந்தன. சார்ஜரை நிறுத்தாமல் கிளிப்பைப் பிடுங்கினேன். ஒரு சின்னப் பொறி. பேட்டரியின் மேல்மூடி சில்லுச் சில்லாகப் பறந்தது, ஆசிட் கன்னத்தில் தெறித்தது. வாசலில் குடத்துத் தண்ணீர் இருந்ததால் கண் தப்பியது. இன்றைக்கும் மாணவர்களுக்கு முதல் வகுப்பு அந்தத் தழும்பைக் காட்டித்தான்.

ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு லேசு. திறந்த வெளியில் கசிந்தால் விர்ரென்று மேலே போய்விடும். பெட்ரோல் ஆவி, சமையல் கேஸ் போலத் தரையில் தவழ்ந்து குழியில் தங்காது. ஆகவே வெளியில் நிற்கும் வண்டிக்கு இது பெட்ரோலைவிட மோசம் என்று சொல்லமாட்டேன். கூரைக்கடியில்தான் ஆபத்து. தகர ஷீட் போட்டு மூன்று பக்கம் அடைத்த கார் ஷெட்டில் உச்சியில் போய்த் தங்கும். கூரை உச்சியில் காற்றுப் போக்கி இல்லாத இடத்தில் ஹைட்ரஜன் வண்டியை நிறுத்தவே கூடாது.

இன்னொரு சிக்கல், வாசனை. சமையல் கேஸில் நாற்றத்துக்கென்று கந்தகம் சேர்ந்த பொருளைக் கலக்கிறார்கள், கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். ஃபியூல் செல்லில் உள்ள பிளாட்டினத்துக்குக் கந்தகம் விஷம், அதனால் கலக்க முடியாது. நிறமும் இல்லை. பட்டப்பகலில் அதன் சுவாலைகூடக் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. கருவி சொன்னால்தான் உண்டு.

1937 மே 6 அன்று ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து 36 பேர் இறந்ததை எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது 2019 ஜூனில் நார்வேயில் சாண்ட்விகா என்ற இடத்தில் நடந்தது. ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடித்தது. விசாரணையில் தெரிந்த காரணம், உயர் அழுத்தத் தொட்டியின் ஒரு மூடியில் போல்ட்டுகள் சரியாக முறுக்கப்படவில்லை. அவ்வளவே. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் ஒரு ஸ்பேனர் வேலை எத்தனை பெரிய வேலை என்று அது காட்டியது.

நம்ம உப்புக்காத்துக்கு இது தாங்குமா?

இந்தக் கேள்வியை வெளியூர்க்காரர்கள் யாரும் கேட்பதில்லை. நாம் கட்டாயம் கேட்கவேண்டும். மண்டபத்தில் புது பைக் வாங்கி ஒரு வாடைக்காலம் போனால் செயின் கவர் என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். பாம்பனில் 1914இல் திறந்த ரயில் பாலத்தைக் காப்பாற்ற ஆண்டு முழுக்கப் பெயிண்ட் அடித்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப்பூச்சும் போட்டிருக்கிறார்கள்.

ஹைட்ரஜன் அணு மிகச் சிறியது. உறுதியான எஃகுக்குள் ஊடுருவி அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். உள்ளேயிருந்து இது, வெளியேயிருந்து உப்பு. கார்பன் நார் டேங்க் துருப்பிடிக்காது. ஆனால் அதன் கழுத்தில் இருக்கும் வால்வும் குழாய் இணைப்பும் உலோகம். 700 பாரில் அங்கே ஒரு புள்ளி அரித்தால் போதும். ஃபியூல் செல்லுக்குப் போகும் காற்றில் உப்புத்துகள் கலந்தாலும் அதன் திறன் இறங்கும், அதனால் வடிகட்டியை அடிக்கடி மாற்றவேண்டி வரும். சமவெளியில் ஆண்டுக்கு ஒரு முறை சோதனை என்றால் நம் கடற்கரைக்கு இரண்டு, மூன்று முறையாவது வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஹைட்ரஜன் எங்கேருந்து கிடைக்குது? பூமிக்குள்ள இருக்கா?

இன்று உலகம் பயன்படுத்தும் ஹைட்ரஜன் 2023 கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 9.7 கோடி டன். அதில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் பிரித்தது. சுத்தமாகச் செய்தது நூற்றில் ஒன்றுகூட இல்லை. நம் வழுதூர் மின்நிலையம் எரிக்கிறதே, அதே மாதிரியான வாயுவை நீராவியோடு சேர்த்துச் சூடாக்கினால் ஹைட்ரஜன் வரும். ஒரு கிலோவுக்கு 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடும் கூடவே வரும். அப்படிச் செய்த ஹைட்ரஜனில் கார் ஓட்டிவிட்டு ‘சைலன்சரில் தண்ணீர்தான்’ என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. தண்ணீரை வெயில், காற்று மின்சாரத்தால் பிரித்தால்தான் அது பசுமை ஹைட்ரஜன். 2023 ஜனவரி 4 அன்று மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்த திட்டம் அதற்குத்தான். 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு.

கமுதியில் அவ்வளவு சோலார் இருக்கே, அதுல செஞ்சுடலாம்ல?

கமுதிச் சூரிய மின்நிலையம் 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர். அதில் ஒரே ஒரு மெகாவாட்டை எடுத்து, கையில் பேப்பர் வைத்துக் கணக்குப் போடுவோம்.

ஒரு மெகாவாட் தகடு நம் வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 4,000 யூனிட் தரும். தண்ணீரைப் பிரித்து, உலர்த்தி, நெருக்கி அடைக்க ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 60 யூனிட் பக்கம் ஆகும். ஆக, ஒரு நாளைக்கு 67 கிலோ. அதை இன்ஜினில் எரித்தால் சுமார் 3,750 கிலோமீட்டர் ஓடலாம். ஃபியூல் செல்லில் 6,700. அதே 4,000 யூனிட்டை நேராக பேட்டரி காருக்கு ஏற்றினால், 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் என்று வைத்து, 25,000 கிலோமீட்டர்.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிய அன்று வகுப்பில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கே ஒரு காலத்தில் வருத்தமாக இருந்தது. பிஸ்டன் இன்ஜினைக் காதலித்தவன் நான், ஹைட்ரஜன் அதற்கு மறுவாழ்வு தரும் என்று நம்பியிருந்தேன். ஆனால் ஒவ்வொரு படியிலும் சக்தி சிந்துகிறது. பிரிக்கும்போது ஒரு பங்கு, நெருக்கும்போது ஒரு பங்கு, இன்ஜினில் சூடாகப் போவது பாதிக்கு மேல். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால்கூடக் கிலோவுக்கு மின்சாரச் செலவு மட்டும் 300 ரூபாய், இயந்திரமும் பங்க்கும் வரியும் தனி. மின்சாரம் மிச்சமாகி வீணாகும் நேரத்தில் செய்தால்தான் ஹைட்ரஜனுக்கு நியாயம் பிறக்கும்.

கடல்தான் ரெண்டு பக்கமும் இருக்கே. கடல் தண்ணியையே பிரிச்சா என்ன?

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் கடல் தண்ணீர், 9 வோல்ட் பேட்டரி, இரண்டு பென்சில் கரிக்கம்பி. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கம் ஹைட்ரஜன் குமிழி வரும். மறுபக்கம் பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கும், அது குளோரின். ஆக்சிஜன் வரவேண்டிய இடத்தில் உப்பிலிருக்கும் குளோரின் முந்திக்கொள்கிறது. மக்னீசியமும் கால்சியமும் ஹைட்ரஜன் பக்கத்துக் கம்பியில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். உப்புக் கரைசலை மின்சாரத்தால் பிரிக்கும் காஸ்டிக் சோடா ஆலைகளில் குளோரினோடு ஹைட்ரஜன் கிடைப்பதும் இந்த வழியில்தான். எரிபொருளுக்கென்று செய்யும்போது முதலில் கடல்நீரை நன்னீராக்கி, அதிலும் உப்பு எதுவும் மிஞ்சாமல் வடித்து, பிறகே பிரிக்கவேண்டும்.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கணக்குப்படி 9 லிட்டர், நடைமுறையில் 10 முதல் 15 லிட்டர், ஆலையைக் குளிர்விக்கவும் தண்ணீர் என்றால் இன்னும் கூடுதல். அவ்வளவு கடல்நீரை நன்னீராக்க ஆகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்குதான், பெரிய செலவே இல்லை. என் கவலை வேறு. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீருக்கு நடக்கும் பெண்கள் இருக்கும் மாவட்டம் இது. காவிரித் தண்ணீரைத் திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் கொண்டு வந்து குடிக்கிறோம். அந்தக் குழாயில் ஒரு சொட்டுகூட ஹைட்ரஜன் ஆலைக்குப் போகக்கூடாது. ஆலை வைக்கிறவர்கள் கடல்நீரைச் சுத்தம் செய்து, முதலில் பக்கத்து ஊருக்குக் குடிநீர் கொடுத்துவிட்டு மிச்சத்தில் ஹைட்ரஜன் செய்யட்டும். கழிவாகும் கெட்டி உப்புநீரை மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைப் பக்கம் விடவே கூடாது. அந்தப் பாறைகளை நம்பித்தான் மீன், மீனை நம்பித்தான் கரை.

கருவேலங்கரியில ஹைட்ரஜன் வருமாமே?

வரும், அரைகுறையாக. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது பின்னால் உலை கட்டிய கரி பஸ் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்த உலையில் வருவது கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், நைட்ரஜன் எல்லாம் கலந்த வாயு. ஆகவே ஹைட்ரஜன் எரித்து பஸ் ஓட்டுவது தமிழ்நாட்டுக்குப் புதிதே இல்லை. சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போடும்போது புகையாகப் போகும் வாயுவிலும் கொஞ்சம் ஹைட்ரஜன் உண்டு. சுத்தமாகப் பிரித்தெடுக்கும் செலவுதான் கட்டுப்படியாகாது.

பைக்குக்கு ‘தண்ணி கேஸ் கிட்’ விக்கிறாங்க. மாட்டினா மைலேஜ் கூடுமா?

வாங்காதீர்கள். பேட்டரி கரண்டில் தண்ணீரைப் பிரித்து, அந்த வாயுவை இன்ஜினுக்கே கொடுக்கிறது என்கிறார்கள். அந்த கரண்டைத் தருவது அதே இன்ஜின் சுற்றும் ஆல்டர்னேட்டர். பத்து ரூபாயை எடுத்து மூன்று ரூபாயாகத் திருப்பித் தருகிற கணக்கு. போதாக்குறைக்கு ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரே டப்பாவில், சீட்டுக்கு அடியில்!

என் பழைய வேனை ஹைட்ரஜனுக்கு மாத்தித் தருவீங்களா அண்ணே?

மாட்டேன். கையால் செய்ய முடியாத வேலை என்பதால் சொல்லவில்லை. 700 பார் டேங்கும் வால்வும் வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் ஒப்புதல் பெற்றவையாக இருக்கவேண்டும். வண்டி அதற்கென்று உள்ள தரநிலையில் தேறவேண்டும். இது இரண்டும் இல்லாமல் யார் மாற்றிக் கொடுத்தாலும் உங்கள் பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள். டீசல் இன்ஜின் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: நெருக்கினால் மட்டும் ஹைட்ரஜன் பற்றாது, ஸ்பார்க் பிளக் வைக்கவேண்டும், அல்லது கொஞ்சம் டீசலைப் பீய்ச்சிப் பற்றவைக்கவேண்டும்.

இடைவழி ஒன்று இருக்கிறது. 2020இல் டில்லியில் 50 பேருந்துகளில் சி.என்.ஜி.யோடு 18 சதவீதம் ஹைட்ரஜன் கலந்து ஓட்டிப் பார்த்தார்கள். இன்ஜினில் பெரிய மாற்றம் தேவைப்படாத வழி அது.

பங்க் எங்க இருக்கு?

நம் மாவட்டத்தில் இல்லை. அருகில் நடப்பது தூத்துக்குடியில். வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் ஒரு சோதனை ஆலை திறந்தார்கள், மணிக்கு 10 கனமீட்டர். எடையில் பார்த்தால் மணிக்கு ஒரு கிலோகூட இல்லை, அந்த ஹைட்ரஜனிலிருந்து எடுக்கும் மின்சாரம் துறைமுகக் குடியிருப்புத் தெருவிளக்குக்கும் வண்டி சார்ஜ் செய்யவும். சின்னதுதான், ஆனால் முதல் அடுப்பு மூட்டியாயிற்று.

பங்க் வைப்பதும் லேசில்லை. மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் நிரப்பவேண்டுமென்றால் வாயுவை மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்விக்கவேண்டும். வேகமாக அடைத்தால் டேங்க் சூடாகிவிடும். சித்திரை வெயிலில் அந்தக் குளிருக்கே எவ்வளவு மின்சாரம்! கலிஃபோர்னியாவில் ஷெல் நிறுவனம் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் பங்க்குகளை 2024 பிப்ரவரியில் மூடிவிட்டது. வண்டி வாங்கியவர்கள் தவித்தார்கள்.

எங்க விசைப்படகுக்கு இது வந்தா டீசல் செலவு தீருமே?

இந்தக் கேள்விதான் எனக்கு மிக நெருக்கமானது. டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய், டீசல் காசுகூடத் தேறாமல் திரும்பும் படகுகளைத் தினமும் பார்க்கிறோம்.

ஒரு பயணத்துக்கு 300 லிட்டர் டீசல் பிடிக்கும் விசைப்படகு என்று வைப்போம். அதே சக்திக்கு 90 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். 700 பாரில் அடைத்தாலும் 2,250 லிட்டர் இடம், டேங்க் எடை ஒன்றரை டன் பக்கம். மீன் போடும் அறையில் பாதி போய்விடும். இன்றைய நிலையில் நம் விசைப்படகுக்குப் பொருந்தாது.

கரையோரம் குறிப்பிட்ட இடத்துக்குப் போய்த் திரும்பும் பயணிகள் படகு வேறு கதை. கொச்சி கப்பல் கட்டும் தளம் செய்த ஃபியூல் செல் படகை 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் தூத்துக்குடியிலிருந்து தொடங்கி வைத்தார், அது வாரணாசியில் கங்கைக்குப் போனது. ராமேஸ்வரம், பிச்சாவரம் என்று சுற்றுலாப் படகுகள் ஓடும் மாநிலத்தில் அப்படி ஒன்று ஏன் இங்கே வரக்கூடாது? அதே மாதிரி, ஐஸ் பெட்டியோடு கேரளாவுக்கு இரவெல்லாம் ஓடும் மீன் லாரி. அவ்வளவு பாரத்துக்கும் தூரத்துக்கும் பேட்டரி வைத்தால் பேட்டரியையே சுமந்துகொண்டு போகவேண்டும். லாரிக்கு வழி தெரியும், நிற்கும் இடம் தெரியும், வழியில் இரண்டு பங்க் இருந்தால் போதும். ஹைட்ரஜன் நம் பக்கம் முதலில் வருமென்றால் அந்த லாரியில்தான் வரும் என்று நினைக்கிறேன்.

அப்ப கார் வாங்க ஹைட்ரஜனுக்காகக் காத்திருக்கவா?

வேண்டாம். ஊருக்குள்ளும் மதுரை வரைக்கும் ஓட்டுகிறவர் என்றால் பேட்டரி கார் பாருங்கள்.

சார், நான் டீசல் மெக்கானிக் படிக்கிறேன். இப்ப என்ன கத்துக்கிட்டா நல்லது?

உயர் அழுத்த வாயு வேலை. சி.என்.ஜி. கிட் பொருத்தும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் ஆறு மாதம் கைகட்டி நின்றாவது கற்றுக்கொள். குழாய் இணைப்பை டார்க் ரெஞ்ச் வைத்துச் சொன்ன அளவுக்கு முறுக்குவது, சோப்பு நுரையும் கசிவுக் கருவியும் வைத்துச் சோதிப்பது, வேலைக்கு முன் குழாயில் நைட்ரஜன் விட்டுக் காற்றை வெளியேற்றுவது. இதோடு 400 வோல்ட் மின்சாரத்தைப் பயமில்லாமல், ஆனால் மரியாதையோடு கையாளப் பழகு. ஃபியூல் செல் வண்டி வந்தாலும், பேட்டரி வண்டி வந்தாலும் அது வேண்டும்.

அந்த சைலன்சர் தண்ணியைப் பிடிச்சுக் குடிக்கலாமா சார்?

ஏர்வாடியிலிருந்து வரும் மாணவி கேட்டாள். வகுப்பு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை; அவள் வீட்டில் தண்ணீருக்குப் போகும் ஆள் அவள்தான். ஒரு கிலோ ஹைட்ரஜன் ஓடி முடிந்தால் 9 லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு ஒரு ஃபியூல் செல் கார் போய்ச் சேர்வதற்குள் ஒரு குடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வழிநெடுகச் சிந்தியிருக்கும். காய்ச்சி வடித்த தண்ணீர் மாதிரி, தாது எதுவும் இல்லாதது, குழாயில் ஒட்டிய அழுக்கு கலந்தது. குடிக்கக்கூடாது. பிஸ்டன் இன்ஜினில் வருவதில் ஆயிலும் அமிலமும் இருக்கும், கையாலும் தொடவேண்டாம். ஆனால் பேருந்து நிலையத்தில் நிற்கும் பத்து ஃபியூல் செல் பஸ்ஸிலிருந்து அதைக் குழாயில் பிடித்து, வடிகட்டி, வண்டி கழுவவாவது எடுக்க முடியுமா என்று அவள் அடுத்து கேட்டாள். முடியும் என்றேன். எத்தனை லிட்டர் வரும் என்று கணக்குப் போட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.